டிவைடர் உள்ள சாலையை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இரண்டாகப் பிரிப்பது எப்படி? லோரி ரூட் தப்பாக வருகிறது

செந்தூல்_டெலிவரி கேட்டது:

வணக்கம். லோரிகளுக்கு ரூட் போட ஓஎஸ்ஆர்எம் என்ற வழி கணக்கிடும் மென்பொருளைப் பயன்படுத்துகிறோம். அடிப்படை வரைபடம், யாரும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். கோலாலம்பூரில் செந்தூல் பக்கம் ஒரு தாமானின் (குடியிருப்பின்) முகப்பை ஒட்டிப் போகும் பெரிய சாலை வரைபடத்தில் ஒற்றைக் கோடாக, லேன்ஸ்=6 (ஆறு லேன்) என்ற டேக்கோடு (குறிச்சொல்லோடு) இருக்கிறது. நிஜத்தில் நடுவே காங்கிரீட் டிவைடர். அதனால் தெற்கிலிருந்து வரும் லோரியை "வலது திரும்பி தாமானுக்குள் போ" என்கிறது மென்பொருள். டிரைவர் நேராகப் போய் யூ-டர்ன் அடித்து வர வேண்டியிருக்கிறது. கணக்கிட்ட நேரம் ஒவ்வொரு முறையும் பிசகுகிறது.

சாலையின் அமைப்பு, தெற்கிலிருந்து வடக்காக: முதலில் இரட்டை வெள்ளைக் கோடு மட்டும். அடுத்து கொஞ்ச தூரத்துக்கு ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் கம்பங்கள். அதன்பின் ஒரு கிலோமீட்டருக்கு மேல் காங்கிரீட் டிவைடர், அதில் யூ-டர்னுக்காக இரண்டு திறப்புகள். வடக்கு முனையில் இன்னொரு டிவைடர் சாலையோடு சமிக்ஞை விளக்குச் சந்திப்பு.

எங்கிருந்து எதுவரை இரண்டாகப் பிரிக்க வேண்டும்? ஏற்கெனவே இருக்கும் பஸ் ரூட்டுகளைக் கெடுக்காமல் அதைச் செய்வது எப்படி? யூ-டர்ன் திறப்பையும் சந்திப்பையும் எப்படி வரைவது?

---

கோடும்_புள்ளியும் பதில்:

வணக்கம். முதலில் எங்கே பிரிப்பது என்பதைச் சொல்லிவிடுகிறேன். மற்றதை ஜோஸம் (வரைபடம் திருத்தும் கணினி மென்பொருள்) தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

வண்டி கடக்கவே முடியாத தடுப்பு இருந்தால் இரண்டு கோடு. கடக்கக் கூடாது என்று சட்டம் மட்டும் சொன்னால் ஒரே கோடு. காங்கிரீட் சுவர், இரும்புத் தடுப்பு, உயர்ந்த புல் திட்டு, கால்வாய் எல்லாம் முதல் வகை. வெள்ளைக் கோடு இரட்டையாக இருந்தாலும், நடுவில் வரிவரியாகச் சாயம் பூசியிருந்தாலும் இரண்டாவது வகைதான். பாதசாரிகள் நின்று கடப்பதற்கான சின்னத் திட்டுக்காகச் சாலையைப் பிரிக்காதீர்கள். கடக்கும் இடத்துப் புள்ளியில் கிராஸிங்:ஐலண்ட்=யெஸ் போட்டால் போதும்.

அப்படிப் பார்த்தால் உங்கள் தெற்குப் பகுதி ஒற்றைக் கோடாகவே இருக்கட்டும். அங்கே ஓவர்டேக்கிங்=நோ சேர்க்கலாம்.

பிளாஸ்டிக் கம்பங்கள்தான் எப்போதும் வாக்குவாதம். என் கருத்து இது: கம்பங்கள் டிவைடரின் தொடர்ச்சியாக, இடைவெளி விடாமல், நிலையாக நிற்கின்றன என்றால் அதையும் சேர்த்துப் பிரியுங்கள். ஒரு சந்துக்கு எதிரே மட்டும் முப்பது நாற்பது மீட்டருக்கு நட்டிருந்தால் பிரிக்க வேண்டாம். அந்தச் சந்து முனையில் இரண்டு திருப்பத் தடைகள் போடுங்கள்: சந்திலிருந்து சாலைக்கு ஒரு நோ_ரைட்_டர்ன், சாலையிலிருந்து சந்துக்கு ஒரு நோ_ரைட்_டர்ன். பலர் முதலாவதை மட்டும் போட்டுவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். இரண்டாவது இல்லாவிட்டால் எதிர்த்திசை வண்டியை மென்பொருள் கம்பங்களுக்கு ஊடே சந்துக்குள் அனுப்பும்.

பிரிப்பதால் கிடைக்கும் இன்னொரு பயனையும் சொல்ல வேண்டும். ஒரு திசைக்கு மட்டுமே உரிய விஷயங்களை அந்தத் திசைக் கோட்டில் எழுத முடியும். பினாங்கு முதல் பாலத்தைப் பாருங்கள். டோல் வாங்குவது பெருநிலப் பக்கம் இருக்கும் பிறையில், தீவுக்குப் போகும் வண்டிகளிடம் மட்டும். திரும்பி வரும்போது கட்டணம் இல்லை. இரண்டு கோடுகளாக இருப்பதால்தான் டோல் சாவடியை ஒரு பக்கத்தில் மட்டும் வைக்க முடிகிறது. ஒற்றைக் கோடாக இருந்தால் பட்டர்வொர்த் திரும்பும் லோரிக்கும் செலவு ஏறியிருக்கும்.

---

பாயான்லெப்பாஸ்_ஜோஸம் பதில்:

பிரிக்கும் வேலையை ஜோஸத்தில் செய்யுங்கள். உலாவியில் இருக்கும் ஐடி எடிட்டரிலும் முடியும், ஆனால் ரிலேஷன்கள் (பஸ் ரூட், திருப்பத் தடை போலப் பல கோடுகளைச் சேர்த்த தொகுப்புகள்) நிறைய உள்ள சாலையில் எது உடைந்தது என்று கண்ணில் படாது.

முதலில் முழுப் பகுதியையும் இறக்குங்கள். சாலைக் கோட்டைத் தேர்ந்தெடுத்து வலப்பக்கப் பட்டியலில் அது எந்தெந்த ரிலேஷன்களில் உறுப்பு என்று பார்த்து, அவற்றின் மற்ற உறுப்புகளையும் இறக்கிக்கொள்ளுங்கள். பஸ் ரூட் பாதி மட்டும் திரையில் இருக்கும்போது கை வைத்தால் நிச்சயம் அறுபடும்.

டிவைடர் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் ஒவ்வொரு புள்ளியைத் தேர்ந்தெடுத்து பி (P) விசையால் வெட்டுங்கள். பழைய கோட்டை அழித்துவிட்டு இரண்டு புதுக் கோடு போடாதீர்கள். பழையதை ஒரு திசைக்கு நகர்த்தி வைத்துக்கொண்டு, மறு திசைக்கு மட்டும் புதுக் கோடு உருவாக்குங்கள். அப்போதுதான் வரலாறும் ரிலேஷன் உறுப்புரிமையும் ஒரு பக்கமாவது அப்படியே நிற்கும்.

புதுக் கோட்டுக்கு ஷிஃப்ட், பி (P) அழுத்தி இணைக்கோடு முறைக்குப் போய், தேர்ந்தெடுத்த கோட்டை இழுங்கள். எவ்வளவு தூரம்? ஒரு லேன் சுமார் 3.5 மீட்டர். பக்கத்துக்கு மூன்று லேன் என்றால் 10.5. மையக்கோட்டிலிருந்து டிவைடர் வரை அதில் பாதி, 5.25; இரு பக்கமும் சேர்த்து 10.5, டிவைடர் ஒரு 2 மீட்டர். ஆகவே இரு மையக்கோடுகளுக்கும் இடையே ஏறத்தாழ 12.5 மீட்டர் வரும். இது தோராயத்துக்குத்தான். இழுத்தபின் வான்படத்தில் ஒவ்வொரு கோடும் தன் பக்கத்து லேன்களின் நடுவில் விழுகிறதா என்று பார்த்துத் திருத்துங்கள். பிங் படம், எஸ்ரி படம் இரண்டையும் ஒப்பிடுங்கள். ஒன்றோடொன்று சில மீட்டர் விலகியிருக்கும். அங்கே ஜிபிஎஸ் தடங்கள் இருந்தால் அவற்றோடு ஒட்டவைத்துவிட்டு வரையுங்கள். கூகிள் மேப்பையோ அதன் தெருக்காட்சியையோ பார்த்து வரையக் கூடாது. உரிமம் அனுமதிக்காது.

இணைக்கோடு மூலக்கோட்டின் திசையிலேயே வரும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஆர் விசையால் திருப்ப வேண்டும். எதைத் திருப்புவது என்பதில்தான் அதிகப் பிழை. நம் நாட்டில் இடப்பக்கம் ஓட்டுகிறோம். ஆகவே கோட்டிலுள்ள அம்பு காட்டும் திசையைப் பார்த்து நின்றதாக வைத்துக்கொள்ளுங்கள், டிவைடர் உங்கள் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். இடக்கைப் பக்கம் இருந்தால் கோடு தலைகீழ். ஐரோப்பியப் பாடப் படங்களைப் பார்த்து வரைகிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

பிறகு டேக்குகள். இரண்டு கோட்டிலும் ஒன்வே=யெஸ், டூயல்_கேரேஜ்வே=யெஸ். லேன்ஸ்=6 என்பதை இரண்டிலும் 3 ஆக்குங்கள். லேன்ஸ்:ஃபார்வர்ட், லேன்ஸ்:பேக்வர்ட் இருந்தால் நீக்குங்கள். டர்ன்:லேன்ஸ்:பேக்வர்ட் என்று இருந்ததை எதிர்த்திசைக் கோட்டில் வெறும் டர்ன்:லேன்ஸ் ஆக்குங்கள். திருப்பும்போது ஜோஸம் டேக் மாற்றம் வேண்டுமா என்று கேட்கும். கண்ணை மூடிக்கொண்டு சரி என்று அழுத்தாமல் படித்துவிட்டு அழுத்துங்கள். பெயர், ரெஃப் (சாலை) எண், வேக வரம்பு, தமிழ்ப் பெயர் போட்டிருந்தால் அதுவும், இரண்டு கோட்டிலும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். ஏன் என்று கீழே யாராவது சொல்வார்கள்.

பக்கச் சாலைகள்: தாமான் சாலை ஒட்ட வேண்டியது தன் பக்கத்துக் கோட்டில் மட்டும். பழைய கோட்டை நகர்த்தும்போது எதிர்ப்பக்கச் சாலைகளும் அதோடு இழுபட்டு வரும். அந்தப் புள்ளியில் ஜி விசையால் பிரித்து, சரியான கோட்டில் என் விசையால் ஒட்டுங்கள். டிவைடருக்கு மேலே ஒரு பக்கச் சாலை நீண்டு எதிர்க்கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தால் உங்கள் உழைப்பு அத்தனையும் வீண். மென்பொருளுக்கு அது திறந்த வழி. டிவைடர் நெடுகிலும் ஒவ்வொரு சந்து முனையையும் பெரிதாக்கிப் பாருங்கள்.

பஸ் ரிலேஷன்: போகும் திசைக்கு ஒன்று, வரும் திசைக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கும். வரும் திசை ரிலேஷனில் பழைய கோட்டை எடுத்துவிட்டுப் புதுக் கோட்டை அதே இடத்தில் செருகுங்கள். ரிலேஷன் எடிட்டரில் உறுப்புகளை இணைக்கும் சங்கிலி முழுதாகத் தெரிகிறதா என்று பாருங்கள். இடையில் அறுந்திருந்தால் அங்கேயே தெரியும்.

---

செந்தூல்_டெலிவரி:

மிக்க நன்றி அண்ணே. பக்கச் சாலை விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. சந்திப்பில் டிவைடர் சாலை இரண்டு குறுக்கிடுவதால் நான்கு புள்ளிகள் வருமே, அங்கே திருப்பத் தடை எதில் போடுவது? தெற்கிலிருந்து வருகிறவர்களுக்கு வலது திரும்பலாம். கிழக்கிலிருந்து வருகிறவர்களுக்கு யூ-டர்ன் கூடாது என்று பலகை இருக்கிறது.

---

நாலுமுனை பதில்:

இதைத் திசை போட்டே சொல்கிறேன். பென்சிலால் ஒரு # குறி வரைந்துகொண்டு படியுங்கள்.

இடப்பக்க ஓட்டத்தில் வடக்கே போகும் கோடு மேற்கில் இருக்கும், தெற்கே போகும் கோடு கிழக்கில். கிழக்கே போகும் கோடு வடக்கில், மேற்கே போகும் கோடு தெற்கில். நான்கு வெட்டுப் புள்ளிகள்: தென்மேற்கு, வடமேற்கு, வடகிழக்கு, தென்கிழக்கு.

தெற்கிலிருந்து வரும் வண்டி முதலில் தொடுவது தென்மேற்குப் புள்ளி. இடது திரும்புவது அங்கேயே. வலது திரும்ப வேண்டுமானால் உள்ளே போய் வடமேற்குப் புள்ளியில் திரும்பும். இப்போது கிழக்கிலிருந்து வரும் வண்டி: மேற்கு நோக்கி தென்கிழக்கைத் தாண்டி, தென்மேற்குப் புள்ளியில் வலது திரும்பி வடக்கே போகிறது. அதாவது தென்மேற்குக்கும் வடமேற்குக்கும் நடுவே உள்ள குட்டித் துண்டு இரண்டு வண்டிகளுக்கும் பொது. அந்தத் துண்டிலிருந்து வடமேற்கில் மறுபடி வலது திரும்பினால், தெற்கு வண்டிக்கு அது சாதாரண வலத் திருப்பம், கிழக்கு வண்டிக்கு யூ-டர்ன்.

வடமேற்குப் புள்ளியை வையாவாக (திரும்பும் இடமாக) வைத்து, குட்டித் துண்டை ஃபிரமாக (வரும் கோடாக) வைத்து நோ_ரைட்_டர்ன் போட்டீர்களானால் தெற்கு வண்டியின் அனுமதித்த திருப்பமும் அடைபட்டுவிடும். உங்களுக்கு வேண்டியது இது: ஃபிரம், தென்கிழக்கிலிருந்து தென்மேற்கு வரையுள்ள துண்டு. வையா, ஒரு புள்ளியாக இல்லாமல் தென்மேற்கு முதல் வடமேற்கு வரையுள்ள குட்டிக் கோடு. டூ (போய்ச் சேரும் கோடு), வடமேற்கிலிருந்து கிழக்கே போகும் துண்டு. ரிஸ்ட்ரிக்ஷன்=நோ_யூ_டர்ன். இதற்காக நான்கு புள்ளிகளிலும் கோடுகள் வெட்டப்பட்டிருக்க வேண்டும். வெட்டாத கோட்டை வையாவாக வைத்தால் ரூட்டர் (ரூட் போடும் மென்பொருள்) அந்தத் தடையைப் பொருட்படுத்தாது. ஓஎஸ்ஆர்எம் கோட்டு வையாவைப் புரிந்துகொள்ளும். மிகப் பழைய பதிப்பு ஓட்டுகிறீர்களானால் புதுப்பியுங்கள்.

ஒன்வேக்கு எதிராகத் திரும்புவதைத் தடுக்கத் தடை எழுத வேண்டாம். கோட்டின் திசையே தடுத்துவிடுகிறது. தேவையில்லாத தடைகளைக் குவித்தால் அடுத்து வந்து திருத்துகிறவர் எது பலகையில் உள்ளது, எது வெறும் பயத்தில் போட்டது என்று பிரித்தறிய முடியாது.

சமிக்ஞை விளக்கு: நான்கு வெட்டுப் புள்ளிகளிலும் ஹைவே=டிராஃபிக்_சிக்னல்ஸ் போடும் பழக்கம் இருக்கிறது. ரூட் கணக்குக்கு அது நல்லதல்ல. நேராகப் போகும் வண்டி இரண்டு புள்ளிகளைத் தாண்டும், வலது திரும்புவது மூன்றைத் தாண்டும். நிற்பதோ ஒரே விளக்கில். ஒவ்வொரு விளக்குக்கும் தாமதம் சேர்க்கும் மென்பொருள் அதை மூன்று தடவை சேர்க்கும். சந்திப்புக்குள் நுழையும் ஒவ்வொரு கோட்டிலும் நிறுத்தக் கோடு இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்து, விளக்கை அங்கே போடுங்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே விளக்குதான் கணக்கில் வரும்.

அடுத்து யூ-டர்ன் திறப்பு. நம்மூர்த் திறப்புகள் பெரும்பாலும் ஒரு திசைக்கு மட்டும். வலக்கோடி லேன் பிரிந்து, டிவைடர் இடைவெளியில் வளைந்து எதிர்க்கோட்டில் சேரும். அந்த இணைப்பைச் சாலையின் வகைக்கேற்ற லிங்காக, பிரைமரி சாலை என்றால் பிரைமரி_லிங்க் என்று, ஒன்வே=யெஸ் உடன் வரையுங்கள். யூ-டர்ன் லேன் கரையால் தனியாகப் பிரிக்கப்படாமல் சாயக் கோடு மட்டும் இருந்தால், லிங்க் திறப்பில்தான் தொடங்க வேண்டும். அதற்கு முந்திய துண்டில் டர்ன்:லேன்ஸ்=த்ரூ|த்ரூ|ரிவர்ஸ். இடக்கோடி லேன்தான் எப்போதும் முதலில் எழுதப்படும்.

திறப்புக்கு நேர் எதிரே தாமான் வாசல் இருக்கிறதா என்று பாருங்கள். லிங்கின் முடிவுப் புள்ளியும் தாமான் சாலையின் முனையும் ஒரே புள்ளியானால், மூன்று லேனையும் குறுக்கே வெட்டிக்கொண்டு உள்ளே போகும் ரூட் வரும். நிஜத்தில் வாசல் பத்து மீட்டர் தள்ளி இருந்தால் வரைபடத்திலும் தள்ளியே வையுங்கள், அழகுக்காக ஒட்டாதீர்கள். உண்மையிலேயே நேர் எதிரே இருந்து, குறுக்கே போகக் கூடாது என்று பலகை இருந்தால் நோ_ஸ்ட்ரெய்ட்_ஆன். பலகை இல்லாமல் வண்டிகள் குறுக்கே போய்க்கொண்டிருந்தால் அப்படியே விடுங்கள்.

திறப்பு லோரிக்குக் கூடாது என்று பலகை இருந்தால் அந்த லிங்கில் எச்ஜிவி=நோ. கார் ரூட்டுக்கு இது தெரியாது. லோரிக்கென்று தனி புரொஃபைல் (வண்டி வகைக்கான விதிக்கோப்பு) ஓட்டினால்தான் பயன்.

---

செந்தூல்_டெலிவரி:

பிரித்து ஏற்றிவிட்டேன். யூ-டர்ன் வழியாக ரூட் சரியாக வருகிறது. இரண்டு விஷயம் மட்டும். டிவைடர் தொடங்கும் இடத்தில் "லேசாக இடது திரும்பு" என்று தேவையில்லாமல் சொல்கிறது. இரட்டைக் கோடு பகுதியில் இன்னும் கடைகளை எதிர்ப்பக்கத்திலிருந்தே அடையலாம் என்று காட்டுகிறது.

---

ரூட்டர்_கட்டுபவர் பதில்:

முதலாவது, ஒற்றைக் கோடு இரண்டாகப் பிரியும் முனையின் கோணம். அங்கே கோடுகள் சட்டென விலகினால் மென்பொருள் அதைத் திருப்பமாக எண்ணும். முப்பது நாற்பது மீட்டர் எடுத்து மெல்ல விலகும்படி இழுங்கள். அதோடு, இரு பாதிகளும் ஒரே சாலை என்று ஓஎஸ்ஆர்எம் அடையாளம் காணப் பெயரையும் பார்க்கிறது. ஒரு பாதியில் ஜாலான் என்று முழுதாகவும் மறுபாதியில் ஜேஎல்என் என்று சுருக்கியும் இருந்தால் அவை இரு வேறு சாலைகள் ஆகிவிடும், தேவையில்லாத அறிவிப்பு வரும். இணைக்கோட்டில் பெயர் விடுபட்டிருந்தாலும் இதே கதை. மேலே ஒருவர் எழுத்துப் பிசகாமல் என்று சொன்னதன் காரணம் இதுதான்.

இரண்டாவதை வரைபடத்தில் தீர்க்க முயலாதீர்கள். சாயக் கோட்டுக்காகச் சாலையைப் பிரித்தால் அவசர வண்டிக்கு ரூட் போடுகிறவர்களுக்கு அது பொய்த் தகவல். தீர்வு உங்கள் பக்கமே இருக்கிறது. ஓஎஸ்ஆர்எம்மிடம் ரூட் கேட்கும்போது ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் அப்ரோச்சஸ் என்ற அளவுருவில் கர்ப் என்று கொடுத்தால், கடை இருக்கும் பக்கமாகவே வண்டி வந்து சேரும்படி ரூட் வரும். கிராஃப்ஹாப்பர் என்ற மற்றொரு ரூட்டரில் இதற்கு கர்ப்சைட். நமக்கு லெஃப்ட் என்று கொடுக்க வேண்டும். எல்லா நிறுத்தத்துக்கும் போடாதீர்கள். தாமானின் உள்தெருக்களில் இது வீணான சுற்று கொடுக்கும். பிரைமரி, செகண்டரி சாலைக் கடைகளுக்கு மட்டும் போதும்.

கர்ப் சரியாக வேலை செய்ய வேண்டுமானால் சொந்த சர்வரின் கார் புரொஃபைல் கோப்பில் லெஃப்ட்_ஹேண்ட்_டிரைவிங் என்பதைப் பாருங்கள். இயல்பாக அது ஃபால்ஸ். ட்ரூ ஆக்கிவிட்டு எக்ஸ்ட்ராக்ட் (வரைபடக் கோப்பைப் படிக்கும் முதல் படி) என்பதிலிருந்து திரும்ப ஓட்டுங்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவை நாடுவாரியாகத் தரும் ஜியோஃபாப்ரிக்கின் மலேசியா, சிங்கப்பூர், புருணை கோப்பு தினமும் புதுப்பிக்கப்படுகிறது. உங்கள் திருத்தம் அதில் வந்து சேர்ந்த பிறகு இறக்குங்கள். ஏற்றிய உடனே பழைய கோப்பில் ஓட்டிவிட்டு மாறவில்லை என்று மறுபடி வரைபடத்தைத் திருத்தாதீர்கள்.

இன்னொன்று, லோரியின் ஜிபிஎஸ்ஸை வைத்து நேரலையாக இடம் காட்டுகிறீர்களானால், 12 மீட்டர் இடைவெளி உள்ள இரு கோடுகளில் எது என்று புள்ளியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. உயரமான கட்டடங்களுக்கு நடுவே ஜிபிஎஸ் அதைவிடவும் விலகும். வண்டி போகும் திசையை பேரிங்ஸ் அளவுருவில் சேர்த்து அனுப்புங்கள். இல்லாவிட்டால் எதிர்ப்பாதையில் நிற்பதாக நினைத்து யூ-டர்ன் அடிக்கச் சொல்லும்.

சோதிக்க, தாமான் வாசலுக்கு வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் இரண்டு ரூட், வாசலிலிருந்து இரு திசைக்கும் இரண்டு ரூட், சந்திப்பில் ஒவ்வொரு கையிலிருந்தும் மூன்று திருப்பமும் ஒரு யூ-டர்னும் எடுத்துப் பாருங்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தளத்திலேயே ஓஎஸ்ஆர்எம், கிராஃப்ஹாப்பர், வால்ஹல்லா மூன்றும் இருக்கின்றன. மூன்றும் ஒரே இடத்தில் தவறினால் பிழை வரைபடத்தில். ஒன்று மட்டும் தவறினால், அந்த ரூட்டரின் தரவு பழையதா, தடையை அது வேறுவிதமாகப் படிக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

---

செந்தூல்_டெலிவரி:

பெயர்தான் காரணம். புதுக் கோட்டில் விடுபட்டிருந்தது. கர்ப் அளவுருவை முக்கியச் சாலைக் கடைகளுக்கு மட்டும் சேர்த்துவிட்டு, நாளைய கோப்பில் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன்.